இரண்டு பேருக்கும் சரி சொன்னவள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பதினேழாம் நாள் காலையில், ஆத்தூரில் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ மில்லில் லாரிகளை எடை போடும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்த அர்த்தநாரியின் ஒரே மகள் கோகிலவாணி, தூங்கி இரண்டு பேராக எழுந்தாள். சுவரோரம் ஒருத்தி, கதவோரம் ஒருத்தி. இருவருக்கும் ஒரே நீல நைட்டி, ஒரே தலைச்சிக்கு, சின்ன வயதில் கட்டில் முனை கிழித்த அதே தழும்பு இடது புருவத்தில். காபி கொண்டுவந்த அம்மா அலமேலு நிலைப்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுக்களைக்குத் திரும்பிப்போய், இருந்த காபியை இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து, ஆறிவிடும், குடிங்க என்றாள். பதினேழு வருடமாகக் குடி என்று சொல்லிவந்த வாய் அன்றைக்குக் குடிங்க என்று சொன்னதை அவள்கூடச் சாயங்காலம்தான் யோசித்துப் பார்த்தாள்.

இது எப்படி நடந்தது என்று பிற்பாடு கேட்டவர்களுக்கெல்லாம் அலமேலு ஒரே பதிலைத்தான் சொன்னாள். முந்தின நாள் மகள் இரண்டு பேருக்கும் சரி என்று சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் அப்பா. அர்த்தநாரி இருபத்தாறு வருடம் மரவள்ளிக்கிழங்கு லாரிகளை மேடையில் ஏற்றி இறக்கியவர். வருடத்துக்கு ஒருமுறை எடைமேடையைச் சோதிக்க ஒரு இன்ஜினியர் வருவார், வயது முப்பதுகூட இருக்காது, அவர் கையெழுத்துப் போடும்வரை மில் முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பார். அதைப் பார்த்துப் பார்த்து அர்த்தநாரிக்கு ஒரு முடிவு வந்திருந்தது. பேருக்குப் பின்னால் இரண்டு எழுத்து இருந்தால் யாரும் உன்னை நிற்கவைத்துப் பேசமாட்டார்கள், அதனால் நாலு வருடம் பி.இ. கம்ப்யூட்டர் என்றார். இன்னொருவர் தாய்மாமன் மாணிக்கவேல். சேலத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தவர். பி.இ. முடித்துவிட்டு சாப்பாட்டு டெலிவரிக்குப் போகிற பையன்கள் உடைந்த போனோடு அவர் கடைக்குத்தான் வந்தார்கள். நாலு வருடம் கழித்து வெளியே வரும்போது நீ படித்தது பழசாகியிருக்கும், ஆறே மாதத்தில் நெட்வொர்க் பரீட்சை ஒன்று எழுது, சர்டிபிகேட்டை வாங்கு, வேலையில் உட்கார்ந்துகொண்டே மற்றதைப் படி என்பது அவர் கட்சி. கவுன்சிலிங்கில் கல்லூரிப் பட்டியலைக் கொடுக்கக் கடைசி நாளும், சேலம் சென்டரில் புது பேட்ச் தொடங்கும் நாளும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன.

அதற்கு முந்தின நாள் அப்பா கேட்டபோது அவள் சரி என்றாள். அரைமணி நேரத்தில் மாமா போனில் கேட்டபோது அதற்கும் சரி என்றாள். இரண்டு சரியும் பொய்யில்லை. இரண்டிலும் ஆசை என்று எதுவும் இல்லை. பேசுகிறவர்கள் பேசி ஓயட்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

எந்த ஒருத்தி எங்கே போவது என்பதையும் யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. கதவோரம் படுத்திருந்தவள் முதலில் எழுந்து முதலில் குளித்துவிட்டதால், முதலில் வண்டியோடு வந்து நின்ற மாமாவோடு சேலத்துக்குப் போனாள். மற்றவள் அப்பாவோடு பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கல்லூரிப் பட்டியலைக் கொடுத்துவிட்டு வந்தாள். அர்த்தநாரி அன்று மில்லில் எல்லாரிடமும், நல்லதாப் போச்சு, ரெண்டும் நடக்கும் என்று சொன்னார்.

ஊரும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. தெருவில் இருந்தவர்கள் பேரை நடுவில் வெட்டி, கல்லூரிக்குப் போகிறவளைக் கோகிலா என்றும் சேலத்துக்குப் போகிறவளை வாணி என்றும் கூப்பிட ஆரம்பித்தார்கள், ஒரு வாரத்தில் நாய்கூடப் பழகிவிட்டது. ரேஷன் கடையில் இருவரின் கட்டை விரலையும் மெஷின் ஏற்றுக்கொண்டது, ஆனால் கார்டில் தலை மூன்றுதான் இருக்கிறது, அரிசி மூன்று பேருக்குத்தான் வரும் என்று கடைக்காரர் வருத்தத்தோடு சொன்னார். கிராம நிர்வாக அலுவலர் வந்து, இரண்டு பேரையும் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்து, ஆள் ஒன்று, இருப்பு இரண்டு இடத்தில் என்று எழுதிக்கொண்டு போனார். அதற்குமேல் அவரிடம் படிவம் இல்லை. பக்கத்துத் தெருக்களிலிருந்து பெற்றவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டீர்கள் என்று அலமேலுவிடம் கேட்டார்கள். இன்ஜினியரிங்கா டிப்ளமோவா, டிகிரியா கோர்ஸா என்று வீட்டுக்கு வீடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஜூன் மாதம் முழுக்க, ஊரில் பல பிள்ளைகள் அப்பாவுக்கு ஒரு சரியும் அம்மாவுக்கு ஒரு சரியும் சொல்லிவிட்டுப் படுத்து, காலையில் ஒரே ஆளாக எழுந்து திட்டு வாங்கினார்கள். ஒரு பையனுக்குக் காய்ச்சல் மட்டும் வந்தது.

கோகிலா தினமும் மஞ்சள் பஸ்ஸில் ஏறிக் கல்லூரிக்குப் போய், இன்ஜினியரிங் டிராயிங்கில் வட்டமும் கூம்பும் வரைந்து, எதற்கென்று தெரியாத கெமிஸ்ட்ரி படித்து, கம்ப்யூட்டரில் ஓட்ட வேண்டிய புரோகிராமை நோட்டில் கையால் எழுதிக்கொண்டிருந்தபோது, வாணி சேலத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த சென்டரில் கேபிள் முனைகளில் பிளக்கை வைத்து நசுக்கப் பழகி, ரொட்டி வாசனையோடு பரீட்சை எழுதி, எட்டாம் மாதம் சென்னையில் ஒரு கம்பெனியின் ஹெல்ப் டெஸ்க்கில் உட்கார்ந்தாள். பாஸ்வேர்டை மறந்தவர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். ஒருநாளைக்கு அறுபது பேர், எழுபது பேர் கூப்பிட்டு, தங்கள் பெயரைச் சொல்லி, உள்ளே போக முடியவில்லை என்றார்கள். அவள் எல்லாரையும் உள்ளே விட்டாள். அவள் வாங்கின சர்டிபிகேட்டுக்கு மூன்று வருடம்தான் ஆயுள், அது முடிவதற்குள் இன்னொன்று எழுத வேண்டும் என்பதால் ஹாஸ்டலில் எப்போதும் ஏதாவது ஒரு பரீட்சைக்குப் படித்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு விஷயத்தை மட்டும் இருவரும் வெகுநாள் யாரிடமும் சொல்லவில்லை. எதுவும் முழுசாக வந்து சேரவில்லை. முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்தபோது கோகிலாவுக்கு வரவேண்டிய அவமானம் பாதியில் நின்றுவிட்டது. வேலை கிடைத்த அன்று வாணிக்குச் சந்தோஷம் வாசல்வரை வந்து உள்ளே வராமல் போனது. மீதி மற்றவளிடம் இருக்கிறது என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் வாணி போன் செய்து நேராகவே கேட்டாள்.

"உனக்கு ஏதாச்சும் தெரியுதா?"

"இல்ல. உனக்கு?"

"எனக்கும் இல்ல."

பிறகு சாப்பிட்டாயா என்று ஒருத்தி கேட்டாள், சாப்பிட்டேன் என்று மற்றவள் சொன்னாள்.

மூன்றாம் வருடம் ஐப்பசியில், ஒரு மத்தியான நேரம், மேடைமேல் ஒரு லாரி நிற்க, எடைச்சீட்டு பாதி அச்சாகி வெளியே வந்திருக்க, அர்த்தநாரி நாற்காலியிலேயே தலை சாய்ந்து போய்விட்டார். வாணி பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது சாயங்காலம். பந்தலுக்குக் கீழே ஐஸ் பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக நின்றார்கள். மகளுக்காகக் காத்திருந்த சொந்தக்காரப் பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்தார்கள். கோகிலா வாணியைப் பார்த்தாள், வாணி கோகிலாவைப் பார்த்தாள். அழுகை அவளிடம்தான் இருக்கிறது, இப்போது அழுவாள், அவள் அழுதால் போதும் என்று இருவரும் காத்துக்கொண்டு நின்றார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

அலமேலுதான் தரையில் உட்கார்ந்தபடி, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். "யாராச்சும் ஒருத்தி அழுங்கடி."

இரண்டு பேரும் அழவில்லை. அம்மாவே மூன்று பேருக்குமாக அழுது முடித்தாள். ஊர் அதையும் தப்பாகப் பேசவில்லை. பாதிப்பாதியாக இருக்கிற பிள்ளைகள், என்ன செய்யும் என்று சொல்லிக்கொண்டு எழுந்து போனார்கள்.

காரியம் முடிந்த மறுவாரம் அலமேலு தையல் மெஷினில் உட்கார்ந்தாள். அவள் தெருவுக்கெல்லாம் ஜாக்கெட்டும் சுடிதாரும் தைப்பவள், மகள்களுக்கு இதுவரை ஒரே அளவில்தான் இரண்டு இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். அன்று வாணி போட்டுப் பார்த்த துணி தோளில் தொங்கியது. டேப்பை வைத்துப் பார்த்தால் தோளில் அரை அங்குலம் குறைந்திருந்தது, இடுப்பு ஒரு அங்குலம் கூடியிருந்தது. இரண்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்து இருந்த உடம்பு அது. அலமேலு அளவு நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, மேலே வாணி என்று எழுதினாள்.

அந்தக் கார்த்திகையில் மில் மேனேஜர் ஆள் அனுப்பினார். அர்த்தநாரி போனபிறகு எடைமேடை சரியில்லை, காற்று அடித்தால் எண் நாற்பது கிலோ முன்னே பின்னே ஆடுகிறது, டிரைவர்கள் சண்டை போடுகிறார்கள், உங்கள் பெண் கம்ப்யூட்டர்தானே படிக்கிறாள், வந்து பார்க்கட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். கோகிலா சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். மேடைக்கு அடியில் ஒரு கோளாறும் இல்லை. லாரி ஏறினதும் முதலில் வருகிற எண்ணையே எடை என்று புரோகிராம் எடுத்துக்கொண்டது. இத்தனை வருடம் அர்த்தநாரி எண் ஆடி அடங்கும்வரை பொறுத்திருந்து, அப்புறமே பட்டனை அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். புதிதாக வந்தவருக்கு அந்தப் பொறுமை இல்லை. கோகிலா அந்தப் பொறுமையைப் புரோகிராமுக்குள் எழுதினாள். பத்துமுறை பார், பத்தும் ஒன்றாக வந்தால் சீட்டை அடி, இல்லையென்றால் காத்திரு. திங்கட்கிழமை மத்தியானம் பலமாகக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோதே எண் வந்து அசையாமல் நின்றது. அப்போது அவளுக்குள் ஏதோ லேசாக அசைந்தது. அதற்குப் பெயர் தெரியாததால் அவள் அதை வாணியிடம் சொல்லவில்லை.

நாலாவது வருடம் முடியும்போது இரண்டு பேருக்கும் ஒரே சுவர் வந்து முட்டியது. ஹெல்ப் டெஸ்க்கிலிருந்து சர்வர் டீமுக்குப் போக வாணி விண்ணப்பித்தபோது, எல்லாம் சரி, டிகிரி எங்கே என்றார்கள். கல்லூரிக்கு வந்த கம்பெனிகளின் முன்னால் கோகிலா உட்கார்ந்தபோது, டிகிரி எல்லாரிடமும்தான் இருக்கிறது, என்ன சர்டிபிகேட் வைத்திருக்கிறாய், கையால் என்ன செய்திருக்கிறாய் என்றார்கள். எடைமேடை என்று அவள் சொன்னது யாருக்கும் புரியவில்லை.

மாணிக்கவேல் மாமாவுக்குத்தான் யோசனை வந்தது. பேர் ஒன்று, பிறந்த தேதி ஒன்று, கையெழுத்துகூட ஒன்று. இருவருடையதையும் ஒரே தாளில் எழுதினால் என்ன? எழுதிப் பார்த்தார். பி.இ., நெட்வொர்க் சர்டிபிகேட், கிளவுட் சர்டிபிகேட் இரண்டு, மூன்று வருட அனுபவம், வயது இருபத்தொன்று. அப்படி ஒரு ஆள் ஜில்லாவிலேயே இல்லை. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியிலிருந்து பத்தே நாளில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அதற்குமுன் இருவரையும் சேர்த்து ஒன்றாக்கிவிடலாம் என்று ஊர் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரே பாயில், ஒரே போர்வையில், அதே நீல நைட்டியைத் தேடி எடுத்துப் போட்டுப் படுக்கச் சொன்னார்கள். காலையில் தெருவே வாசலில் கூடி நின்றது. இருவரும் தனித்தனியாகக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். ஒருத்திக்குக் கண்ணாடி வந்திருந்தது, ஒருத்திக்கு முதுகுவலி வந்திருந்தது. இனி எப்படி ஒட்டும் என்று சொல்லிவிட்டுக் கூட்டம் கலைந்தது.

கோயம்புத்தூருக்கு இரண்டு பேருமே போனார்கள். ஜெசிந்தா என்கிற மேனேஜர் ஒரு அழைப்புக் கடிதத்துக்கு இரண்டு பேர் வந்து நிற்பதைப் பார்த்து, நாற்காலி ஒன்றுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, இன்னொரு நாற்காலி வரவழைத்து இருவரையும் உட்காரவைத்தார். தெரியாத கோளாறு ஒன்று வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஏன் வந்தது என்று கண்டுபிடிப்பேன் என்றாள் கோகிலா. முதலில் ஓடவைத்துவிட்டு அப்புறம் ஏன் என்று பார்ப்பேன் என்றாள் வாணி. ஜெசிந்தா இரண்டையும் எழுதிக்கொண்டார். ஒரு வாரத்தில், கோகிலவாணி என்கிற பேருக்கு, ஒரே ஒரு வேலைக்கான கடிதம் வந்தது. சேருகிறவர் எல்லா அசல் சான்றிதழ்களையும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

ஊரே இரண்டாகப் பிரிந்து பேசியது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பாதிப் பேர், நாலு வருடம் உட்கார்ந்து படித்தவள்தான் போக வேண்டும் என்றார்கள். பாதிப் பேர், வேலை தெரிந்தவள்தான் போக வேண்டும் என்றார்கள். போகாதவளுக்கு ஒரு தாளும் மிஞ்சாது, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்கூட மிஞ்சாது என்பதைப் பற்றி இரண்டு கட்சியும் அதிகம் பேசவில்லை. அலமேலுவைக் கேட்டார்கள். நான் ஒண்ணு பெத்தேன், ரெண்டு வளத்திருக்கேன், என்கிட்ட இதைக் கேக்காதீங்க என்று மெஷினை மிதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது மாமா கடிதத்தை நடுவில் வைத்தார். வாரம் ஒருத்தியாக மாறி மாறிப் போகலாமே, யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வாணி வழக்கம்போலச் சரி என்று சொல்ல வாயெடுத்தாள்.

"எனக்கு வேண்டாம் மாமா" என்றாள் கோகிலா.

மாமா நிறுத்திவிட்டார். அந்த வீட்டில் அந்தக் குரலில் அந்தச் சொல்லை யாரும் அதுவரை கேட்டதில்லை.

"நாலு வருஷம் படிச்சியே கண்ணு" என்றாள் அலமேலு.

"படிச்சது எங்கிட்டதாம்மா இருக்கு. பேப்பரு அவகிட்ட இருக்கட்டும். அவளுக்குத்தான் அது இல்லாம கதவு தொறக்கல."

சொல்லிவிட்டுப் பீரோவிலிருந்து பைலை எடுத்து, பி.இ. பட்டம் மேலாக இருக்கும்படி அடுக்கி, வாணியின் மடியில் வைத்தாள். வாணிக்கு அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் கை பைலின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. தனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்பதைத் தன் கையைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள். புதன்கிழமை பஸ் ஏறினாள். ஜன்னலில் அவள் முகம் தெரிந்தவரை அலமேலு நின்றாள்.

கோகிலா சேலத்தில் எடைமேடைகளைப் பழுதுபார்க்கும் நல்லதம்பி என்பவரிடம் போனாள். ஆத்தூர் மில்லில் அவள் செய்ததைப் பார்த்து, படிப்பு முடிந்ததும் வா என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். வந்தவளிடம் சர்டிபிகேட் எங்கே என்றார். இல்லை என்றாள். படித்தாயே என்றார். படித்தேன், சர்டிபிகேட் இல்லை என்றாள். அவர் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிவிட்டு, வேலை தருகிறேன், ஆனால் இன்ஜினியர் என்று போடமுடியாது, நீ சரிசெய்கிற மேடைக்கு வேறொருத்தர்தான் கையெழுத்துப் போடுவார் என்றார். அப்பா எதற்காக அந்த இரண்டு எழுத்தை ஆசைப்பட்டாரோ அது இதோடு போனது என்று அவளுக்குத் தெரிந்தது. நின்று கேட்டுவிட்டு, நாளைக்கே வருகிறேன் என்றாள்.

ஆடி மாதம், ராசிபுரம் பக்கம் ஒரு அரிசி ஆலை. கோகிலா மேடையைச் சரிசெய்து, புரோகிராமைப் போட்டு, முதல் லாரியை ஏற்றினாள். எண் ஆடிக்கொண்டிருந்தது, அவள் காத்திருந்தாள். வந்த எடை டிரைவருக்குப் பிடிக்கவில்லை. கேபினுக்குள் வந்து, சீட்டைக் கசக்கி மேஜைமேல் எறிந்து, படிக்காத பொம்பளைய உக்காத்தி வெச்சா இப்படித்தான் என்று கத்தினான். வழக்கம்போலக் கோபம் பாதியில் நின்றுவிடும் என்று அவள் எதிர்பார்த்தாள். நிற்கவில்லை. காலிலிருந்து ஏறி, காது சூடாகி, முழுசாக வந்து சேர்ந்தது. அவள் எழுந்து நின்று, அந்த ஆளைவிட உரத்த குரலில், இறக்கிட்டு மறுபடி ஏத்துய்யா, பத்து தடவை ஏத்து, பத்து தடவையும் இதேதான் வரும் என்று கத்தினாள். ஆலை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். டிரைவர் இறக்கி ஏற்றினான். அதே எடைதான் வந்தது. அவன் சீட்டை வாங்கிக்கொண்டு போனான்.

அவள் வெளியே போய், உமி மேட்டின் நிழலில் நின்று வாணிக்குப் போன் போட்டாள்.

"இப்ப ஒரு பத்து நிமிஷத்துக்கு முன்னாடி உனக்குக் கோவம் வந்துச்சா?"

"இல்லையே" என்றாள் வாணி. "நான் மீட்டிங்ல இருந்தேன். தூக்கம்தான் வந்துச்சு. ஏன், என்னாச்சு?"

மறுபக்கத்தில் யாரோ வாணியிடம் ஏதோ கேட்பதும், ஒரு நிமிஷம் என்று அவள் சொல்வதும், ஒரு கதவைச் சாத்துவதும் கேட்டது.

"சொல்லுடி, என்னாச்சு?"

"ராசிபுரத்துல ஒரு அரிசி ஆலை" என்று ஆரம்பித்து, எதுவுமே தெரியாத ஒருத்திக்குச் சொல்வதுபோல, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினாள்.